கச்சேரியில் வயலினுக்கு ஏன் இரண்டாம் இடம்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் விவரித்தது ஒரு கச்சேரியை. டிசம்பர் சீசனில் ஒரு மாலை, பாடகர் தோடி ராகத்தை இருபது நிமிஷம் பாடினார். வயலின்காரர் வாசிக்க ஆரம்பித்து மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, பாடகர் போதும் என்று கையைக் காட்டினார், கீர்த்தனையை ஆரம்பித்துவிட்டார். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கூடவே இரண்டு கேள்விகள்: பெண்களோடு வாசிக்க மாட்டேன் என்று சொல்லும் ஆண் வித்வான்கள் உண்மையிலேயே இருந்தார்களா? 2024-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை ஒட்டி எழுந்த சண்டையில் பக்கவாத்தியக்காரர்கள் எங்கே போனார்கள்? மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. வயலின் பின்னால் போவது சங்கீதத்துக்குத் தேவையா, இல்லை மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடா?

இருபத்தேழு வருஷமாக மேடையில் வயலின் வாசிக்கிறேன். பெண். வருஷத்துக்கு நாலைந்து தனிக் கச்சேரி, மற்றதெல்லாம் பக்கவாத்தியம்தான். சபா நிர்வாகத்தின் கணக்கு வழக்கை உள்ளே இருந்து பார்த்தவள் இல்லை. அதனால் மேடையிலிருந்தும் ஒப்பனை அறையிலிருந்தும் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சங்கீதம். பின்னால் போவது ஒரு வேலை, அதுவும் கடினமான வேலை. பாடகர் இன்று என்ன பாடப்போகிறார் என்று பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாது. மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்த பிறகு, அவர் முதல் பிடியை எடுக்கும்போதுதான் தெரியும். நிரவலில், அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும்போது, பாடகர் மூச்சு வாங்கும் இடம், தாடை அசையும் விதம், தொடையில் தட்டும் விரல், இவற்றை வைத்துத்தான் அடுத்த சங்கதி மேலே போகுமா கீழே இறங்குமா என்று ஊகிக்கிறோம். அவர் பிருகா என்ற அதிவேக ஸ்வரக் கொத்துகளை உதிர்க்கும்போது நானும் அத்தனையையும் துரத்திக்கொண்டு போனால் கேட்பவர்களுக்குக் கூச்சலாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் ஒரு நீண்ட வில்லில் பஞ்சமத்தைப் பிடித்து நிற்கவேண்டும். அவர் எங்கே வந்து உட்காருகிறாரோ அந்த ஸ்வரத்தில் நானும் போய்ச் சேரவேண்டும், அவர் குரல் அடங்கும்போது அதே ஸ்வரம் வயலினில் மிச்சம் இருக்கவேண்டும். என் குருநாதர் முதல் மூன்று வருஷம் என்னை ஆலாபனையே தனியாக வாசிக்க விடவில்லை. அவர் பாடுவார், நான் அரை மாத்திரை பின்னால் போகவேண்டும். ஒரு நாள் அவர் சஹானாவில் ரிஷபத்தில் நின்றார். நான் அழகாக இருக்கிறதே என்று இன்னொரு சுற்று வாசித்துவிட்டேன். "நான் நின்னாச்சு, நீ எதுக்கு நடக்கறே?" என்றார். அந்தக் கேள்வி இன்றைக்கும் ஒவ்வொரு கச்சேரியிலும் எனக்குக் கேட்கிறது.

ஆக, பாடகர் முன்னால், வயலின் பின்னால் என்ற ஒழுங்கு அவமானம் இல்லை. கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை பெரும் பாடகர்கள் பலருக்கும் வாசித்தவர். எவ்வளவு வாசித்தார் என்பதைவிட எங்கே விட்டார் என்பதைத்தான் வயதான ரசிகர்கள் சிலாகிப்பார்கள். 1948-ல் மியூசிக் அகாடமி அவரைச் சங்கீத கலாநிதி ஆக்கியது. பக்கவாத்தியமே ஒருவரை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக முடியும்.

உங்கள் தோடி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நிமிஷம் என்பதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சீசனில் ஒரு கச்சேரி முடிந்த அரை மணியில் அடுத்தது. ராகம் தானம் பல்லவி என்ற நீண்ட உருப்படி பாக்கி இருந்தால் பாடகரின் ஒரு கண் கடிகாரத்தில்தான் இருக்கும். நல்ல கைக்கு மூன்று நிமிஷத்தில் தோடியின் முழு உருவத்தையும் காட்ட முடியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், நினைவுபடுத்திப் பாருங்கள். வயலின்காரர் வாசித்த அந்த மூன்று நிமிஷம் பாடகர் என்ன செய்துகொண்டிருந்தார்? கண்ணை மூடிக் கேட்டாரா, நல்ல பிடி விழுந்தபோது "பலே" என்றாரா? அல்லது தண்ணீர் குடித்து, நோட்டைப் புரட்டி, மிருதங்கக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாரா? முதலாவது என்றால் நேரப் பற்றாக்குறை. இரண்டாவது என்றால் உங்கள் கோபம் நியாயமானது. கை காட்டியதிலும் வித்தியாசம் உண்டு. ராகம் தார ஸ்தாயியிலிருந்து இறங்கி ஷட்ஜத்தில் சேர்ந்த பிறகு காட்டுவது வேறு. தார காந்தாரத்தில் வில் நடுவில் இருக்கும்போது காட்டுவது வேறு. இரண்டாவது எனக்கு நடந்திருக்கிறது. வில்லை எடுத்த பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அடுத்த பாட்டின் அனுபல்லவிவரை.

இது சம்பிரதாயம் என்று யாராவது உங்களுக்குப் பதில் சொன்னால், வயலினே இந்த மேடைக்கு வந்து இருநூறு வருஷம்தான் ஆகிறது என்று சொல்லுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகக் கொடுத்தார். யார் முதலில் என்பதில் வாதம் உண்டு, அதில் நான் இறங்கவில்லை. வெளியிலிருந்து வந்த வாத்தியத்தை நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, மார்புக்கும் வலது கணுக்காலுக்கும் நடுவில் நிறுத்தி, தந்தி சுருதியை ச-ப-ச-ப என்று மாற்றி, ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் கமகம் வாசிக்கும்படி ஆக்கிக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் காலத்திலேயே, அவர் 1913-ல் காலமானார், வயலின் கேட்கவென்றே ஜனங்கள் வந்தார்கள். துவாரம் வேங்கடசாமி நாயுடு தனி வயலின் கச்சேரிக்கே ஓர் இடம் உண்டாக்கினார். 1941-ல் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். லால்குடி ஜெயராமன் 1966-ல் வயலின், வேணு (புல்லாங்குழல்), வீணை மூன்றையும் சமமாக ஒரே மேடையில் உட்கார வைத்தார். இந்த வாத்தியத்தின் இடம் ஒவ்வொரு தலைமுறையிலும் நகர்ந்துகொண்டேதான் வந்திருக்கிறது.

மைசூர் சௌடய்யாவின் கதையும் இங்கே சேரும். மைக் இல்லாத காலம். பெரிய கொட்டகையில் பின்வரிசைக்கு வயலின் எட்டவில்லை. நாலு தந்தியோடு இன்னும் மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலின் செய்தார். தந்திகள் இரட்டையாக ஒலித்ததில் நாதம் பெருகியது. அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. 1957-ல் அவரும் கலாநிதி ஆனார். இன்றைக்கு அந்தப் பிரச்சினை மைக்காரரின் கையில் இருக்கிறது. கச்சேரி நடுவில் பாடகர் ஒரு விரலைக் கீழே காட்டினால் என் ஒலி பாதியாகக் குறையும். எனக்கு மானிட்டரில் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பதிவைக் கேட்கும்போதுதான் தெரியும்.

இனி, பெண்கள். இதில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது, அப்படி மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் வெகுகாலம் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றே இருந்தார், பிறகு பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். இரு குடும்பமும் சம்பந்திகளும் ஆனார்கள். ஏன் மறுத்தார், ஏன் மாறினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் மனசுக்குள் இருந்ததை நான் சொல்லப்போவதில்லை. மிருதங்கத்தில் அவர் செய்ததை வணங்குகிறேன். அந்த வணக்கத்துக்காக இதை மறைக்கவும் மாட்டேன். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், தன்னோடு மேடையில் உட்கார மிருதங்கக்காரர்கள் மறுத்ததைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். அவர் பின்வாங்கவில்லை. 1995-ல் பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஸ்த்ரீ தாள் தரங் குழுவைத் தொடங்கினார்.

எல்லாரும் அப்படி இல்லை என்பதும் அதே அளவு நிச்சயம். 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது வயலின் வி.வி. சுப்ரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி. வயலின்காரர் கண்டதேவி அழகிரிசாமி வருஷக்கணக்கில் எம்.எஸ்ஸுக்கு வாசித்தார். என் அனுபவத்தில் வயலின்காரர்களிடம் இந்த மறுப்பு குறைவு, மிருதங்கம், கடம் போன்ற லயவாத்தியப் பக்கம்தான் அதிகம் கண்டேன். இது நான் பார்த்த மேடைகளின் கணக்கு, அவ்வளவுதான்.

மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அது கேட்பதற்குச் சங்கீதக் காரணம் போலவே இருக்கும். "பெண்களுக்குச் சுருதி ஜாஸ்தி, கை ஒத்துவராது." சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்போம்; ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடினால் பெண்கள் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள், அது உண்மை. ஐந்து கட்டைக்குச் சேர்த்த தந்தியை ஒரு கட்டைக்கு இறக்கினால் தொளதொளவென்று ஆகிவிடும், நாதம் வராது. அதுவும் உண்மை. அதற்காகத்தான் என் வீட்டில் இரண்டு வயலின் இருக்கிறது. கீழ்ச்சுருதிக்குத் தடித்த தந்தி போட்டது ஒன்று, மேல்சுருதிக்கு மற்றொன்று. மிருதங்கக்காரர்களும் அப்படித்தான், தக்குச் சுருதிக்கு ஒரு வாத்தியம், உச்சச் சுருதிக்குச் சிறியதாக ஒன்று. குழந்தை நட்சத்திரமாகப் பாடும் பன்னிரண்டு வயசுப் பையனுக்கும் சுருதி உச்சம்தான். அவனுக்கு வாசிக்க யாரும் மறுத்து நான் கேள்விப்பட்டதில்லை. அதோடு, பாடகர் ஆணாகவே இருந்து, சுருதி ஒன்றரைக் கட்டையாகவே இருந்து, வயலின் வாசிப்பவள் மட்டும் பெண்ணாக இருந்தபோதும் மறுத்தார்களே, அதற்குச் சுருதி எப்படிக் காரணமாகும்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் மேடைக்கு வந்த ஐந்தாவது வருஷம். பெரிய பாடகர் ஒருவருக்கு வாசிக்க ஒரு சபாவிலிருந்து கூப்பிட்டார்கள். பதினைந்து நாள் அவருடைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். அவர் கரகரப்ரியாவில் எந்த வழியாக மேலே ஏறுவார், ஸ்வரத்தில் எந்த எடுப்பில் குறைப்புச் செய்வார் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அம்மா கச்சேரிக்கென்று ஒரு மாம்பழ நிறப் பட்டுப் புடவை எடுத்துவைத்தார். இரண்டு நாள் முன்னால் போன். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா, தப்பா நெனச்சுக்காதே." காரணம் சொல்லவில்லை. ஒரு மாசம் கழித்து அந்தப் பாடகரே என்னிடம் சொன்னார், மிருதங்கம் வாசிக்க இருந்தவர் பெண் வயலினோடு உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பாடகருக்கு வருத்தம்தான். ஆனால் அவரும் மிருதங்கத்தை மாற்றச் சொல்லவில்லை. சபாவும் மாற்றவில்லை. மாற்ற எளிதாக இருந்தது நான்தான். எனக்கு மறுத்தவர்மேல் இருந்த கோபம் சில வருஷங்களில் வடிந்துவிட்டது. சும்மா இருந்த இருவர்மேல் இருந்த வருத்தம் வடியவில்லை.

இன்று வெளிப்படையாக அப்படி மறுப்பவர்கள் ரொம்பக் குறைவு. இளைஞர்களிடம் நான் பார்க்கவே இல்லை. ஆனால் ஜோடி சேர்க்கும்போது "அது சரிப்படாது" என்று ஒரு வாக்கியத்தில் கடந்துபோவது இன்னும் இருக்கிறது. பழைய வழக்கத்தின் நீளம் விருதுப் பட்டியலில் தெரியும். அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்குபவருக்குத்தான் சங்கீத கலாநிதி; அந்தத் தலைவர்கள் வரிசை 1929-ல் தொடங்குகிறது. முதல் பெண் எம்.எஸ்., 1968-ல். முதல் மிருதங்க வித்வான் மணி ஐயர், 1966-ல். துவாரத்துக்கு 1941-ல் கிடைத்த இடம் ஒரு பெண் வயலின் கலைஞருக்குக் கிடைக்க 2016 ஆயிற்று. அவர் ஏ. கன்யாகுமரி, பாடகி எம்.எல். வசந்தகுமாரிக்கு நீண்ட காலம் வாசித்தவர். எழுபத்தைந்து வருஷ இடைவெளியில் தகுதியான பெண் ஒருவர்கூட இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். 2025-க்கு வயலின் கலைஞர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார் பெயர் வந்தபோது நாங்கள் பலர் ஒருவருக்கொருவர் போன் செய்து சந்தோஷப்பட்டோம், பக்கவாத்தியத்தை உயிராக நினைத்தவர் என்பதால்.

2024 சண்டையை நீங்களே படித்திருப்பீர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு அகாடமி விருதை அறிவித்தது. அதை எதிர்த்துப் பாடகிகள் ரஞ்சனி-காயத்ரி உள்ளிட்ட சிலர் சீசன் கச்சேரியிலிருந்து விலகினார்கள். எம்.எஸ். பெயரில் உள்ள விருது பற்றி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. பக்கவாத்தியக்காரர்கள் எங்கே என்று கேட்டீர்கள். ஒரு பாடகர் கச்சேரியிலிருந்து விலகினால் அவரோடு வயலின், மிருதங்கம், கடம் என்று இரண்டு மூன்று பேருக்கு அந்தத் தேதி போய்விடுகிறது. விலகுவது பாடகரின் உரிமை, அதை மதிக்கிறேன். அந்த மூன்று பேரின் கருத்தை யாரும் கேட்பதில்லை. அவர்களும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அடுத்த மாசம் இந்தப் பக்கத்துப் பாடகரும் கூப்பிடவேண்டும், அந்தப் பக்கத்துப் பாடகரும் கூப்பிடவேண்டும். (ரஞ்சனியும் காயத்ரியும் வயலின் கலைஞர்களாக மேடை ஏறிப் பிறகு பாட வந்தவர்கள். எங்கள் பக்கத்து வாழ்க்கை அவர்களுக்குத் தெரியும்.)

அதே பயம்தான் 2018-லும் இருந்தது. பாலியல் புகார்கள் வெளிவந்தபோது அகாடமி அந்த வருஷ சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. அது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு புகாரிலும் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் புகார்கள் ஏன் அத்தனை வருஷம் வெளியே வரவில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை, நியமன உத்தரவு இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு பெரிய பாடகரோ மிருதங்க வித்வானோ "அந்தப் பெண் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூப்பிடாமல் இருப்பதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. கச்சேரி குறைந்ததற்குக் காரணம் என் வாசிப்பா, என் வாயா என்று எனக்கே தெரியாது.

பணமும் அப்படித்தான். சில இடங்களில் சபாவே தனித்தனி உறை கொடுக்கிறது. சில இடங்களில் பாடகரிடம் மொத்தமாகக் கொடுத்து அவர் பிரிக்கிறார். வானொலியில் எங்களுக்கும் தனியாகத் தேர்வு வைத்துத் தரம் கொடுக்கிறார்கள், இன்ன தரத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். அந்த ஒரு தெளிவு சபாக்களில் வந்தால் பாதிக் கசப்பு போய்விடும். பாடகருக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர் பெயருக்குத்தான் டிக்கெட் விற்கிறது. எனக்கு எவ்வளவு என்பது கச்சேரிக்கு முன்பே எனக்குத் தெரிந்தால் போதும்.

அந்தப் பாடகரிடம் நேரில் போய்ச் சொல்லலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். ஒரு ரசிகர் வந்து எனக்காகச் சண்டை போட்டார் என்றால் அது என் கணக்கில்தான் எழுதப்படும். சபா செயலாளருக்கு எழுதுங்கள். எல்லாருடைய பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள், நிகழ்ச்சியை இரண்டு மணியிலிருந்து இரண்டரை ஆக்கச் சொல்லுங்கள். ஒரு கச்சேரியில் பெண் லயவாத்தியக்காரர்களைப் பார்க்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். அந்த வயலின்காரரைப் பார்த்தால், தோடியில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். நன்றாக இருந்தது என்று பொதுவாகச் சொல்லாமல், அந்தத் தைவதத்திலிருந்து இறங்கியது என்றோ, கடைசியில் நிஷாதத்தில் ஒரு நொடி நின்றது என்றோ சொல்லுங்கள். மூன்று நிமிஷத்தில் அவர் எதையெல்லாம் விட்டு எதை வைத்துக்கொண்டார் என்பது ஒருவருக்காவது கேட்டது என்று அவருக்குத் தெரியட்டும்.